காக்காய்களுக்குத் தெரிந்த ஆள்

அந்தத் தெருவில் வண்டி இல்லாமல் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நடக்கிற ஆள் ஒருவர்தான். சிவப்பு ஹெல்மெட். முகம் முழுவதையும் மூடி, முன்னால் கறுப்புக் கண்ணாடி இறங்குகிற வகை. வீட்டுக் கதவைத் திறப்பதற்கு முன்பே அதைத் தலையில் மாட்டி, கண்ணாடியை இறக்கி, வாரை இழுத்துப் பூட்டிக்கொண்டுதான் வெளியே காலை வைப்பார். தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள், பாவம், வண்டியைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். பழையவர்கள் அவரைப் பார்க்க மாட்டார்கள், அண்ணாந்து மேலே பார்ப்பார்கள். அவர் நாலடி போவதற்குள் கம்பியில் ஒரு காக்காய் கத்தும். அதைக் கேட்டு இன்னொன்று. தெருமுனை வருவதற்குள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்து ஊர்வலம் மாதிரி கூடவே வரும். மற்ற ஊர்வலத்தில் நடுவில் போகிறவருக்கு மாலை விழும், இதில் மண்டையில் அடி விழும்.

அவர் மின்சார அலுவலகத்தில் லைன்மேன். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் கூட்டுக்காரர். மின்கம்பத்தின் மேல் காக்காய் கட்டுகிற கூடுகளைப் பிரித்துப் போடுவது அவர் வேலை என்பதால் அப்படி ஒரு பட்டம்.

காக்காய்க்குக் கம்பத்தின்மேல் அப்படி என்ன ஆசை என்று யாராவது கேட்டால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆசையாவது ஒன்றாவது. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று வரிசையாக நின்ற மரங்களை ஒரே வாரத்தில் சாய்த்தார்கள். தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டின் கிளைகளை, கம்பியில் உரசுகிறது என்று அவருடைய அலுவலகமே வருஷா வருஷம் மொட்டையடித்தது. மரம் இருந்த இடத்தில் கம்பம் நட்டார்கள். காக்காய் என்ன, மனை வாங்கி வீடு கட்டவா போகும்? இருக்கிற உயரத்தில் கட்டிக்கொண்டது. இடம் மாறியதும் சாமானும் மாறியது. சுள்ளி கிடைக்காத ஊரில் கட்டடம் கட்டுகிற இடமெல்லாம் கட்டுக்கம்பி கிடக்கிறது. அறுந்த கேபிள், துணி மாட்டும் கம்பி, ஒருமுறை யாருடையதோ மூக்குக்கண்ணாடிச் சட்டம். சுள்ளி மருந்துக்குக்கூட இல்லாமல் முழுக்க முழுக்கக் கம்பியால் பின்னிய கூடு ஒன்றை அவர் பிரித்திருக்கிறார். உள்ளே முட்டைக்கு மெத்தையாக யார் வீட்டுத் தலையணைப் பஞ்சோ. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் இரும்புக் கூட்டைக் கொண்டுபோய் இரண்டு மின்கம்பிக்கு நடுவே வைத்தால் ஒரு மழை போதும். டமார் என்று ஒரு சத்தம், நாலு தெரு இருட்டு, கூட்டில் இருந்தவை கரிக்கட்டை.

வேறு பிராணிகளும் வரும். தெருவோர ஃபியூஸ் பெட்டிக்குள் அணில் குடியிருக்கும். வௌவால் ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டே அடுத்ததை இறக்கையால் தொட்டுவிட்டுச் செத்துத் தொங்கும். அதையெல்லாம் யார் வேண்டுமானாலும் குச்சியால் தட்டிவிடலாம். செத்த வௌவால் யாரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. காக்காய் வைத்துக்கொள்ளும். கூட்டில் கை வைத்தவனை அது விடாது, அது சொல்லிக்கொடுத்து அதன் பிள்ளைகளும் விடாது.

அதனால் அந்த அலுவலகத்தில் ஒரு ஏற்பாடு. எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது, ஆனால் எல்லாச் சட்டத்தையும்விட ஒழுங்காக நடந்தது. அவர் சேர்ந்த புதிதில் இருந்த ஃபோர்மேன் அதை இப்படிச் சொன்னார்: "ஆளுக்கொரு கூடு பிரிச்சா ஆள் ஆளுக்குக் கொத்தும். எவனும் தெருவுல நடக்க முடியாது. ஒரே ஆளு பிரிச்சா ஒரே ஆளைத்தான் கொத்தும். மத்தவன் நிம்மதியா வேலை பாப்பான்." கணக்கு சரிதான். அந்த ஒரே ஆள் யார் என்பதுதான் கேள்வி. மேலதிகாரிகளைக் காக்கா பிடிக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் நைசாக நழுவிக்கொண்டார்கள். காக்கா பிடிக்கத் தெரியாத ஒரே ஆளுக்குக் காக்காய் வேலை வந்து சேர்ந்தது. சாயங்காலமே ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு அவருக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார்கள். பலியாட்டுக்குத் தழை காட்டுவது மாதிரி.

முதல் கூட்டிலேயே காது மடல் கிழிந்தது. கூட்டுக்குச் சொந்தக்காரர்களான ஆண் பெண் இரண்டும் மாறி மாறிக் கொத்தியதில் கம்பத்திலிருந்து கை நழுவி, பெல்ட்டில் தொங்கித்தான் உயிர் பிழைத்தார். கூட்டில் நாலு குஞ்சு. அதில் ஒன்று குயில் குஞ்சு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள், இந்தக் காக்காய்க்கு ஊரான் குஞ்சும் பொன் குஞ்சாக இருந்தது. குஞ்சுகளை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுப் பக்கத்து மொட்டை மரத்தில் கட்டிவைத்துப் பார்த்தார். தாய் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நாலும் பசியில் கத்திக் கத்தி ஓய்ந்தன. அடுத்த வருஷத்திலிருந்து பெட்டியெல்லாம் இல்லை. சாக்கில் போட்டுக் கயிற்றில் கீழே இறக்கிவிடுவார். சாக்கு கீழே போன பிறகு என்ன ஆகிறது என்று அவர் பார்ப்பதுமில்லை, கேட்பதுமில்லை.

காது கிழிந்த அன்று வாங்கியதுதான் சிவப்பு ஹெல்மெட். அலுவலகம் கொடுக்கிற மஞ்சள் தொப்பி உச்சந்தலையை மட்டும்தான் காக்கும், காதையும் பிடரியையும் காக்காது. இது எல்லாவற்றையும் மூடியது; கம்பம் ஏறவும் தெருவில் நடக்கவும் இதுதான் என்று ஆனது. முகமும் தெரியாது, ஆகவே அடையாளமும் தெரியாது என்று நினைத்தார். ஆனால் காக்காய்கள் விடவில்லை. அப்படியென்றால் அவை தன் நடையைத் தெரிந்து வைத்திருக்கின்றன என்று முடிவு கட்டினார். கொஞ்ச நாள் நொண்டி நடந்து பார்த்தார். நொண்டியையும் கொத்தின. தோளைக் குறுக்கி, வேகமாக, மெதுவாக, எல்லா நடையும் நடந்து பார்த்தார். கடைசியில் நடையை மாற்றுகிற முயற்சியைத்தான் விட்டார், ஹெல்மெட்டை விடவில்லை. அதைக் கழற்றிவிட்டு ஒருநாள் வெளியே போய்ப் பார்ப்போம் என்று ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவருக்குத் தோன்றவில்லை. வெளியூர் போனால்கூட பஸ் கிளம்பிய பிறகுதான் கழற்றுவார். அதைக் குறை சொல்ல முடியாது. தினமும் அடி வாங்குகிறவனுக்குக் கேடயத்தைக் கீழே வைத்துப் பார்க்கிற தைரியம் வராது.

வீட்டில் தெருப்பக்க ஜன்னல் திறப்பதில்லை. அவர் உள்ளே போன பிறகும் காக்காய்கள் ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் திட்டிவிட்டுப் போகும். மனைவி துணியை மாடியில் காயப்போட்டால் எச்சமாக்கிவிடும் என்று நடு அறையில் கொடி கட்டினாள். ஈரத்துணிக்கு அடியில் குனிந்து குனிந்துதான் அந்த வீட்டில் நடமாட வேண்டும். மகள் நாலாம் வகுப்பில் இருந்தபோது, "அப்பா, இனிமே நீங்க ஸ்கூல் வாசலுக்கு வராதீங்க, எல்லாரும் சிரிக்கறாங்க" என்றாள். அவர் போவதை நிறுத்திக்கொண்டார். அவள் இப்போது வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தாலும் அவரோடு சேர்ந்து தெருவில் நடப்பதில்லை.

இப்படி ஒரு மனிதருக்கு ஆசை என்று என்ன இருக்கும்? ஒரு நாற்காலி. அலுவலகத்தில் புகார் அறை என்று ஒன்று இருந்தது. கரண்டு இல்லை என்று ஜனங்கள் போன் பண்ணித் திட்டுவார்கள், உள்ளே உட்கார்ந்து வாங்கிக்கொள்ள வேண்டும். மனிதர்கள் திட்டுவது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. போன் வழியாகக் கொத்த முடியாதே. அந்த நாற்காலியில் இருந்தவர் ஓய்வு பெற்றதும் போய் இன்ஜினியரிடம் கேட்டார். கழுத்து வலி, கண்ணும் முன்னைப்போல இல்லை என்றார்.

இன்ஜினியர் கெட்டவர் இல்லை, நல்லவர் என்று சொல்லும்படியாகவும் எதுவும் செய்ததில்லை. "தாராளமா உள்ள வந்து உக்காருங்க. ஆனா கூட்டுக்கு ஒரு ஆளக் காட்டிட்டு வந்து உக்காருங்க" என்றார்.

அதே சமயத்தில் வீட்டில் இன்னொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. மனைவியின் தம்பி, முப்பது வயதுக்காரன், உயரமான கட்டடங்களின் வெளிச்சுவருக்குக் கயிற்றில் தொங்கிக்கொண்டு பெயின்ட் அடிக்கிறவன். கம்பெனியை மூடிவிட்டதால் நாலு நாள் அக்கா வீட்டில் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தான். அந்த நாலு நாள் மாதக்கணக்கில் நீண்டது. பயம் என்றால் என்னவென்று தெரியாதவன், வாயும் அப்படித்தான். சாயங்காலம் தெருவில் காக்காய்ச் சத்தம் கேட்டதும் உள்ளிருந்தே குரல் கொடுப்பான்: "அக்கா, கூட்டம் வந்துடுச்சு. தலைவர் பின்னாடியே வருவாரு, டீயப் போடு." அக்காவும் சிரித்துவிடுவாள். ஒன்பது வருஷமாகச் சிரிப்பே வராத ஒரு விஷயத்தில் தம்பி வந்து சிரிக்க வைத்தான். கூட்டுக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சிரிக்காமல் டீயை வாங்கிக் குடிப்பார். உள்ளே வலித்தது.

மனைவிதான் பேச்சைத் தொடங்கினாள். "மச்சான் தயவு இருந்தா மலையேறிப் பொழைக்கலாம்னு சொல்வாங்க. என் தம்பி மலையா கேக்கறான்? ஒரு கம்பம் கேக்கறான். உங்க ஆபீஸ்ல சொல்லக் கூடாதா?"

"காக்கா வேலைதான் இருக்கு" என்றார் அவர்.

"இருக்கட்டும் மாமா" என்றான் மைத்துனன். "பத்து மாடியில புறாவும் பருந்தும் சுத்திக்கிட்டு இருக்க நடுவுல தொங்கியிருக்கேன். காக்கா என்னை என்ன பண்ணும்? உங்க மேலதான் அதுக்குக் காதல்."

ஒரே கல்லில் இரண்டு மாங்காய். மனைவியின் வாயும் அடைபடும், தனக்கு நாற்காலியும் கிடைக்கும். யோசித்துப் பார்த்தால் அவனுக்கும் நல்லதுதான் என்று பட்டது. அவன் புதியவன். அவன் நடையைக் காக்காய்கள் பார்த்ததில்லை. முதல் நாள் அவன் கம்பத்தில் பாதி ஏறும் வரை எதுவும் கண்டுகொள்ளாது. கூட்டில் கை வைக்கும்போது அதற்குச் சொந்தக்கார ஜோடி மட்டும் பறந்து வந்து கொத்தும். இரண்டு காக்காய் கொத்துவது வேறு, ஊரே திரண்டு வருவது வேறு. ஊர் திரள ஒரு வருஷமாவது ஆகும். அதற்குள் பழகிவிடுவான். இன்ஜினியரும் ஒப்பந்த ஆளாக அவனைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தார்.

முதல் நாள் காலை கூட்டுக்காரர் சிவப்பு ஹெல்மெட்டைத் துடைத்து அவனிடம் கொடுத்தார். நிஜமான அக்கறையில்தான் கொடுத்தார், அதில் சந்தேகமே வேண்டாம். "மஞ்சத் தொப்பிய நம்பாத. இதைப் போட்டுக்கோ. காது தப்பிக்கும்."

"ஐயோ மாமா, நான் கோமாளி வேஷம் போட மாட்டேன்" என்றான் அவன்.

மனைவி விடவில்லை. அவளே அதை வாங்கித் தம்பியின் தலையில் மாட்டி, வாரை அவன் தாடைக்கு அளவு பார்த்து இறுக்கி, கண்ணாடியை இறக்கிவிட்டாள். "கழட்ட மாட்டேன்னு சொல்லு. என் மேல சத்தியம் பண்ணு." அவன் கண்ணாடிக்குள்ளிருந்து ஏதோ முனகினான். "சத்தமா சொல்லு" என்றாள். சொன்னான். தெருவில் போட்டுக்கொண்டு நடக்க வெட்கமாக இருக்கிறது, கம்பத்துக்குக் கீழே போய் மாட்டிக்கொள்கிறேன் என்று ஒரு துணிப்பைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு முன்னதாகவே கிளம்பிப் போனான். சந்தை முனையில் டிரான்ஸ்ஃபார்மர் மேல் கூடு. காலையிலேயே லைனை நிறுத்திவிட்டு ஏற வேண்டும்.

அதற்குப் பிறகு கூட்டுக்காரர் புகார் அறைக்குக் கிளம்பினார். தலையில் ஒன்றும் இல்லை. ஒரு குடையை விரித்துத் தலைக்கு மேல் கவிழ்த்தபடி, திருடன் மாதிரி சுவரோரமாக நடந்தார். கம்பியில் காக்காய்கள் இருந்தன. கத்தவில்லை. தெருமுனை வந்தது. கத்தவில்லை. குடையைக் கொஞ்சம் தூக்கி எட்டிப் பார்த்தார். ஒரு காக்காய் அவரைப் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பி இறக்கையைக் கோதிக்கொண்டது. அவர் குடையை மடக்கினார்.

அப்போது அவருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நெற்றியில் காற்று பட்டது. வெயில் பட்டது. எதிரே வந்த பால்காரர், "யாரு, நீங்களா?" என்று நின்று பார்த்துவிட்டுப் போனார். தினமும் பார்க்கிற மனிதர், ஒன்பது வருஷத்துக்குப் பிறகு முகத்தைப் பார்ப்பது இப்போதுதான். வழியில் ஒரு டீக்கடை. ஒரு டீ சொல்லிவிட்டு உள்ளே போகாமல் வெளியிலேயே நின்றார். கடைக்காரர் கொடுத்த கண்ணாடித் தம்ளரைப் பிடித்துக்கொண்டு, உடைந்த பிஸ்கட்டை ஒரு காக்காய் அவர் காலடி வரை வந்து கொத்தித் தின்பதை வேடிக்கை பார்த்தார்.

"மறந்துடுச்சுங்க" என்றார் கடைக்காரரிடம். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "என்னை மறந்துடுச்சு."

பாதி டீ குடித்திருந்தபோது புத்தியில் தட்டியது. மறப்பதற்கு இவற்றுக்கு என்னைத் தெரியுமா? முதல் நாள் கொத்திய அந்த ஜோடியைத் தவிர, என் முகத்தை இவை பார்த்ததே இல்லையே. நடை அதே நடைதான், இன்றைக்கும் அதே நடையில்தான் வந்தேன். இத்தனை வருஷமாக இவை அடித்தது என்னை அல்ல. சிவப்பு ஹெல்மெட்டை. அது இப்போது எங்கே இருக்கிறது?

என்ன செய்திருக்க வேண்டும் என்பது யாருக்கும் தெரியும். சட்டைப்பையில் போன் இருந்தது. ஃபோர்மேன் நம்பர் மனப்பாடம். அவன் இன்னும் ஏறியிருக்க மாட்டான், லைனை நிறுத்தவே நேரமாகும். கழற்றிவிட்டு ஏறச் சொல்லு, அவ்வளவுதான். ஒரு வாக்கியம். ஆனால் கையில் பாதி டீ இருந்தது. வெளியில் நின்று, வெறுந்தலையோடு, யாருக்கும் பயப்படாமல் குடிக்கிற டீ. ஒரு கொத்து வாங்கட்டுமே என்று நினைத்தார். கூட்டம் வந்துடுச்சு, தலைவர் பின்னாடியே வருவாருன்னு சிரிச்சவன்தானே. நான் தினமும் வாங்கியது என்னவென்று ஒரு தடவை தெரிந்துகொள்ளட்டும். ஹெல்மெட் இருக்கிறது, மண்டை ஒன்றும் உடையாது. பெல்ட் இருக்கிறது. இதைக் குடித்துவிட்டுப் போன் பண்ணலாம்.

அவர் அவசரப்படாமல் குடித்தார். தம்ளரைக் கீழே வைக்கும்போது சந்தைப் பக்கத்திலிருந்து அந்தக் காக்காய்ச் சத்தம் வந்தது. காலடியில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த காக்காய் அதைக் கேட்டதும் அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் பறந்தது. கம்பியில் இருந்தவை, சுவரில் இருந்தவை, எல்லாம் ஒரே திசையில் போயின. அவர் ஓடினார். ஓடிக்கொண்டே போன் பண்ணினார். ஃபோர்மேன் எடுக்கவில்லை. அண்ணாந்து பார்த்துக் கத்திக்கொண்டிருந்தவர் எப்படி எடுப்பார்?

நடந்ததைப் பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். கம்பத்தின் கீழ் நின்று ஹெல்மெட்டை மாட்டும்போதே ஒரு காக்காய் கத்தியிருக்கிறது. அவன் அதைப் பார்த்து வணக்கம் போட்டுவிட்டு ஏறியிருக்கிறான். டிரான்ஸ்ஃபார்மர் சட்டத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகப் பெல்ட்டை ஒருமுறை கழற்றி மாட்ட வேண்டும். கழற்றிய நேரத்தில் ஊரே வந்து இறங்கிவிட்டது. கண்ணாடிக்குள் மூச்சு பட்டு மங்கிப்போய் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு கையால் காக்காயை விரட்டினான், இன்னொரு கை பிடியை விட்டது. கீழே சுற்றியிருந்த இரும்பு வேலியின் மேல் முதுகு பட விழுந்தான்.

உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து தெருப்பக்க அறையில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள்.

இன்ஜினியர் வந்து பார்த்தார். "காக்காய் உக்காரப் பனம்பழம் விழுந்த கதையா ஆயிடுச்சு. என்ன பண்றது. பெல்ட்டக் கழட்டியிருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த பழங்களை வைத்துவிட்டுப் போனார். கூட வந்த ஒருவர் வாசலில் செருப்பு மாட்டும்போது, "அந்தக் கண்ணாடி மட்டும் மங்காம இருந்திருந்தா பையன் சமாளிச்சிருப்பான்" என்றார். கூட்டுக்காரரின் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு அதே பேச்சு. பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது, தம்பிக்கு உடம்பு துடைத்துவிட்டு வாளியோடு வெளியே வரும்போது: "நான்தான் மாட்டிவிட்டேன். அவன் வேணாம்னான். சத்தியம் வாங்கினேனே, பாவி நான்." கூட்டுக்காரர் பக்கத்தில்தான் இருப்பார். "விடு" என்பார்.

நாற்காலி போய்விட்டது. கூட்டுக்கு ஆள் இல்லை என்று அவரைத் திரும்பவும் அனுப்பினார்கள். போனார். ஒருநாள் மஞ்சள் தொப்பி, ஒருநாள் துண்டை முண்டாசாகக் கட்டிக்கொண்டு, ஒருநாள் வெயில் தொப்பி. கூட்டுக்குச் சொந்தமான காக்காய் ஜோடி இரண்டு கொத்துக் கொத்தும். இறங்கி அந்தத் தொப்பியைப் பைக்குள் போட்டுவிட்டு வெறுந்தலையோடு வீட்டுக்கு நடந்தால் ஒரு காக்காய் ஏன் என்று கேட்காது. அவ்வளவு சுலபமாக இருந்தது அது. ஒன்பது வருஷத்தை நினைத்தால் வயிறு எரிந்தது, பாதித் தம்ளர் டீயை நினைத்தால் எரிய வயிறே இல்லாத மாதிரி இருந்தது. காக்காய்கள் இப்போது ஏன் அவரைத் துரத்துவதில்லை என்று அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை. கட்டிலில் கிடந்தவன்தான் கேட்காமலே கவனித்தான். முதலில், காக்காய்ச் சத்தமில்லாமல் அவர் வீடு வந்து சேருகிற சாயங்காலங்களைக் கவனித்தான்.

பகல் முழுவதும் அவனுக்கு ஜன்னல்தான். திறந்தே வைக்கச் சொன்னான். சாப்பாட்டில் ஒரு பிடியை ஜன்னல் கட்டையில் வைப்பான், ஒரு காக்காய் வரும். ஒரு காலில் விரல் இல்லாத காக்காய், எந்தக் கம்பியில் சுட்டதோ. நாளாக ஆக அது அவன் கையிலிருந்தே வாங்கித் தின்றது. "நீயும் நானும் ஒரே ஆபீஸ்ல கால் போனவங்க" என்று அதனிடம் பேசிக்கொண்டிருப்பான். அவனுடைய பழைய பேச்சில் அது ஒன்றுதான் மிச்சம். கூட்டுக்காரருக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. அறைக்குள் வந்தால் காக்காய் இருக்கும் பக்கம் திரும்ப மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் அவரைக் கூப்பிட்டான். மடியில் அந்த ஹெல்மெட் இருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பையிலிருந்து எடுத்து அலமாரிக்கு மேல் தள்ளி வைத்திருந்ததை, அக்காவிடம் கெஞ்சி எடுத்துவரச் சொல்லியிருக்கிறான். ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது.

"மாமா, ஒரு வேடிக்கை பாருங்க" என்றான்.

விரலில்லாத காக்காய் அவன் கையிலிருந்து சோற்றை வாங்கித் தின்றது. அவன் மெதுவாக ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டினான். காக்காய் இரண்டடி பின்னால் தத்தியது. அடுத்த நொடி தொண்டை கிழியக் கத்திக்கொண்டு எழும்பியது. தெரு முழுவதும் இருந்த காக்காய்கள் வந்துவிட்டன. ஜன்னல் கம்பிகளில் தொற்றிக்கொண்டு உள்ளே அலகை நீட்டி நீட்டிக் கொத்தின. சமையலறையிலிருந்து மனைவி ஓடிவந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றிப் போர்வைக்கு அடியில் வைத்தான். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒவ்வொன்றாகப் போயின. கொஞ்ச நேரம் கழித்து விரலில்லாதது திரும்பி வந்து, மிச்சச் சோற்றுக்கு அவன் கையைப் பார்த்தது.

"பாத்தீங்களா. என்னை அதுக்குத் தெரியாது. உங்களையும் தெரியாது. இதைத்தான் தெரியும்" என்றான். கோபமே இல்லாத குரல். "நாலு நாளா, அக்கா கடைக்குப் போற நேரமாப் பாத்து, தினம் போட்டுப் பாத்துட்டேன். உங்களுக்கு இது எப்பத் தெரிஞ்சது?"

பிறகுதான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். பொய் என்று நிரூபிக்க ஆள் இல்லை. டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியாது. சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"அன்னைக்கே."

"அன்னைக்குன்னா? நான் விழுந்ததுக்கு அப்புறமா?"

"முன்னாடி. டீக்கடையில நின்னப்போ."

"போன் இல்லையா கையில?"

"இருந்துச்சு."

அவன் காக்காய்க்கு இன்னொரு வாய் சோற்றை நீட்டினான். பிறகு, "சரி" என்றான். "தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்." கையிலிருந்த கடைசிச் சோற்றை ஜன்னல் கட்டையில் உதறிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

வாசற்படியில் நின்றவள் அழவில்லை. இத்தனை மாசமாக அழுதது எல்லாம் இன்றைக்குத் தீர்ந்துபோன மாதிரி வறண்ட கண்ணோடு புருஷனைப் பார்த்தாள்.

"வாரைக் கட்டினது நான்தான், நான்தான்னு தினமும் உங்க முன்னாடிதானே தலையில அடிச்சுக்கிட்டேன்" என்றாள். "பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க."

ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.